வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு வர வேண்டாம், மாமா

விருத்தாசலம்,
ஆனந்த வருஷம், ஐப்பசி 20, புதன்கிழமை.
(6-11-1974)

மகா கனம் பொருந்திய திட்டக்குடி மாமா அவர்களின் சமூகத்துக்கு, மருமகன் கலியமூர்த்தி கைகூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் சுகம். அவ்விடம் தங்கள் சுகமும், அத்தையின் முழங்கால் சுகமும், அமிர்தத்தின் சுகமும், பதினாறாம் நாள் காப்புப் போட வந்தபோது கால்மணி நேரம் மட்டும் நான் கண்ணால் பார்த்த என் மகளின் சுகமும் அறிய ஆவல். இவ்விடம் சுகம் என்று மேலே எழுதியது வழக்கத்தை உத்தேசித்து எழுதியது. அதைத் தாங்கள் நம்ப வேண்டாம்.

வருகிற வெள்ளிக்கிழமை காலைப் பஸ்ஸில் அமிர்தத்தையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு, சொந்தபந்தம் பதினெட்டுப் பேருடன், பித்தளை அண்டா, குத்துவிளக்கு சகிதம் வருவதாகத் தாங்கள் போட்ட கார்டு நேற்றுக் கிடைத்தது. படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமா, தங்கள் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன், வர வேண்டாம். நாள் சரியில்லை, சூலம் குறுக்கே நிற்கிறது, மழை வருகிறது, ஏதாவது ஒன்றைத் தாங்களே ஊரில் சொல்லிக்கொள்ளுங்கள். போன மாதம் நான் எழுதிய நாலு கடிதங்களிலும் முன்கட்டைக் காலி செய்துவிட்டேன், வெள்ளையடித்துவிட்டேன், உத்திரத்தில் தொட்டில் கொக்கி மாட்டிவிட்டேன், அடுப்படி ஜன்னலுக்குப் பச்சை வர்ணம் பூசிவிட்டேன் என்றெல்லாம் எழுதியிருந்தேன் அல்லவா? ஜன்னல் இருப்பது மட்டும் உண்மை.

காப்புப் போட்ட அன்று தாங்கள் பந்தி நடுவில் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "மாப்ள, ஒண்டுக்குடித்தனத்துலேருந்து வளகாப்புக்குப் பொண்ணக் கூட்டியாந்தேன். திரும்பி அனுப்பறப்ப சொந்த வூட்டு வாசப்படியிலதான் எறக்கி வுடுவேன். இல்லன்னா எம் பொண்ணும் பேத்தியும் எங்கிட்டயே இருக்கட்டும், எனக்கொண்ணும் பாரமில்ல" என்றீர்கள். நாற்பது பேர் ரசத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அன்று "ஆகட்டும் மாமா" என்றவன்தான். அதன் பிறகு ஒன்றரை மணி நேரப் பஸ் தூரத்தில் பெண்டாட்டி பிள்ளையை வைத்துக்கொண்டு, இரண்டு மாதமாக நான் ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்று அத்தை கேட்டார்களாம். பாக்டரியில் ஓவர்டைம் என்று எழுதினேன். ஓவர்டைம் இல்லை, பயம். வந்தால் வீட்டைப் பற்றிக் கேட்பீர்கள். கேட்டால் எனக்கு முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வராது. கடிதத்தில்தான் வரும்.

இந்த யோசனையை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் கெட்ட நேரம், எனக்கே தோன்றியது. கல்யாணமான நாளிலிருந்து கடைத்தெருவுக்குப் பின்னால் நாங்கள் இருந்த வீட்டில் ஏழு குடித்தனம். வீட்டுக்காரருக்கு ஒரு வேலையும் கிடையாது. ஒன்றாம் தேதி காலையில் குளித்து, விபூதி பூசி, ஈசிசேரில் சாய்ந்துகொள்வார். ஏழு பேரும் வரிசையாகப் போய்க் கொடுத்துவிட்டு வருவோம். நான் பீங்கான் பாக்டரிச் சூளை வாயில் நின்று வெந்து சம்பாதிப்பது அந்த ஈசிசேருக்குப் போகிறதே என்று ஒரு நாள் வயிறு எரிந்தது. அப்போதுதான் தோன்றியது. சொசைட்டியில் கடன் வாங்கி மூன்று கட்டு வீடாக ஒன்றை வாங்குவது. முன்கட்டில் நாம் இருப்பது. நடுக்கட்டையும் பின்கட்டையும் வாடகைக்கு விடுவது. அந்த வாடகையே மாதத் தவணையைக் கட்டிவிடும், நாம் குடியிருப்பது ஓசி. அந்தக் கடன் தீர்வதற்குள் இன்னொரு வீடு, பிறகு இன்னொன்று. முப்பத்தைந்து வயதில் நாலு வீடு, ஒரு ஈசிசேர். அமிர்தத்துக்குப் புரிய வேண்டும் என்று நாலு தீப்பெட்டியை வரிசையாக வைத்து விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதில் ஒன்றை எடுத்து அடுப்பைப் பற்ற வைத்து, "மூணு வூடு போதும்" என்றாள்.

போன கார்த்திகையில் வீட்டைப் பதிவு செய்தேன். ஜங்ஷன் ரோட்டுக்குப் பின்னால், நாட்டு ஓடு போட்ட வீடு, கிணறு உண்டு, தோட்டத்துக் கோடியில் மாட்டுக் கொட்டகையும் உண்டு. தையில் பால் காய்ச்சிக் குடிபோக நாள் குறித்தாயிற்று. மார்கழியில் அமிர்தம் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே அத்தையிடமிருந்து ஆள் வந்தது. "வயித்துல புள்ளய வச்சுக்கிட்டு புது வூட்டுல பால் காச்சப் போறாங்களாம்! ஊரு ஒலகத்துல உண்டா இது? புள்ள பொறந்து எழுந்து நடமாடுற வரைக்கும் வூடு மாத்தப்படாது, ஆணி அடிக்கப்படாது, ஓட்டப் பிரிக்கப்படாது, மண்ண வெட்டப்படாது, சொல்லிப்புட்டேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்படியே ஆகட்டும் என்று பதில் சொல்லி அனுப்பினேன். ஆனால் சொசைட்டிக்காரனுக்கு இந்தச் சாஸ்திரம் எதுவும் தெரியாதே. நமக்கென்று வைத்திருந்த முன்கட்டையும் பிள்ளை பிறக்கும்வரை வாடகைக்கு விட்டுவிடலாம் என்று நினைத்தேன். நினைத்த நாக்கை, இல்லை, நினைத்த மூளையை எதில் போட்டுப் பொசுக்குவது?

வந்தவர் சக்கரபாணி. ஒரு ஆபீஸில் குமாஸ்தா, அதிர்ந்து பேச மாட்டார், வெயில் இல்லாவிட்டாலும் குடை பிடிப்பார். மனைவி பெயர் ராஜாம்பாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் மாமா, அதனால்தான் அவர்களுக்குக் கொடுத்தேன். குழந்தைகுட்டி இல்லாத இடம், சுவரில் கிறுக்க ஆளில்லை, காலி செய்யச் சொன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். அந்தப் பாவம்தான் என்னைச் சுற்றிச் சுற்றி அடிக்கிறது. நாம் காய்ச்ச வேண்டிய பாலை அவர்கள் காய்ச்சினார்கள். எனக்கும் ஒரு தம்ளர் கொடுத்தார்கள்.

ஆவணியில், என் மகள் பிறந்த பிறகு, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு முன்கட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் சக்கரபாணி ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சார், ஒங்களத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். ஒம்போது வருசம் ஏறாத கோயில் இல்ல, சுத்தாத மரம் இல்ல. இந்த வூட்டுக்கு வந்த ரெண்டாம் மாசம் தங்கிடுச்சுங்க. இப்ப அஞ்சு. கண்ணு பட்டுடப் போவுதுன்னு யாருக்கும் சொல்லல. ஒங்க வூடு சாதாரண வூடு இல்லிங்க" என்றார். அவர் கண்ணில் தண்ணீர். உள்ளேயிருந்து ராஜாம்பாள் பாயசம் கொண்டு வந்து வைத்தார்கள். பிள்ளைத்தாய்ச்சியை வீடு மாற்றக்கூடாது என்று தங்கள் வீட்டிலிருந்து எனக்கே ஆள் விட்டுச் சொல்லியிருக்கும்போது, நான் எந்த வாயால் மாறச் சொல்வேன்? பாயசத்தைக் குடித்துவிட்டு, தினம் பாக்டரியிலிருந்து வரும் வழியில் புளிப்பு மாங்காய் வாங்கி வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

சரி, புரட்டாசியில் இன்னொரு தடவை போவோம், பிரசவத்துக்காவது தாய்வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்வோம் என்று போனேன். ராஜாம்பாளுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. "ஏழாம் மாசம் வளகாப்பு செய்யணும், தாய்வீட்டு வரிசைன்னு கொண்டாந்து வெக்க ஒரு நாதியில்ல" என்று அந்த அம்மாள் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடுத்து என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "ஏன், நான் இல்லையா?" மாமா, தாங்கள் அமிர்தத்துக்கு எப்படிச் செய்தீர்களோ அப்படியே, ஐந்து வகைச் சாதம் கிண்டி, கண்ணாடி வளையல் அடுக்கி, தாம்பாளத்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, என் வீட்டுப் பின்கட்டிலிருந்து என் வீட்டு முன்கட்டுக்கு நானே வரிசை கொண்டு போனேன். அன்றிலிருந்து அந்த அம்மாள் என்னை "அண்ணே" என்று கூப்பிடுகிறார்கள். காலி செய்யச் சொல்லப் போனவன் அண்ணனாகித் திரும்பி வந்தேன்.

நடுக்கட்டையாவது கேட்கலாமே என்பீர்கள். நடுக்கட்டில் இட்லிக்கடை கொளஞ்சியம்மாள் இருக்கிறது. அதற்குக் கம்மாபுரத்தில் கட்டிக்கொடுத்த ஒரு மகள், அதற்கும் அஞ்சு வருஷமாகப் பிள்ளையில்லை. மாசியில் அம்மா வீட்டுக்கு வந்து பத்து நாள் தங்கியது, கூடவே புருஷனும் வந்து தங்கினான். இப்போது எட்டு மாத வயிற்றுடன் பிரசவத்துக்கு வந்து நடுக்கட்டில் படுத்திருக்கிறது. கொளஞ்சியம்மாள் இட்லி விற்கிற வீடெல்லாம் இதைச் சொல்லி வைத்துவிட்டது. விளைவு, வெள்ளிக்கிழமை ஆனால் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்தெல்லாம் பெண்கள் வந்து நம் கிணற்றில் தண்ணீர் இறைத்துக் குடித்துவிட்டு, ராட்டினக் கட்டையில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டுப் போகிறார்கள். ஐப்பசி பிறந்ததிலிருந்து இரண்டு தாம்புக்கயிறு அறுந்துவிட்டது. "வூட்டுக்காரர் மொகத்தயும் பாத்துட்டுப் போறோம்" என்று ஒரு அம்மாள் என்னைத் தேடி வந்து, நான் குளிப்பதைக்கூடப் பார்க்காமல் விழுந்து கும்பிட்டார்கள்.

கொளஞ்சியம்மாளிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். "ஏம்பா, அம்மிக் கொழவிய உருட்டி எறியற மாரி ரெண்டு வயித்துப் புள்ளக்காரிங்கள வெளிய தள்ளுவியா நீ? ஒனக்கும் பொட்டப்புள்ள பொறந்திருக்கில்ல?" என்று சட்டுவத்தை நீட்டிக்கொண்டு கேட்டது. சூடாக நாலு இட்லி வைத்தது, சாப்பிட்டேன். அந்த இட்லி வாடகையில் கழிந்துவிடும் என்பது மாதக் கடைசியில்தான் தெரியும். மூன்று வேளையும் அங்கேயே சாப்பிடுவதால், நடுக்கட்டு வாடகையை நான்தான் தின்றுகொண்டிருக்கிறேன்.

மிச்சம், ஆள் வராமல் காலியாகக் கிடந்த பின்கட்டு. எப்படியும் அதில் நானும் அமிர்தமும் ஒண்டிக்கொள்ளலாம் என்று அங்கே குடிபுகுந்தேன். ஐப்பசி அடைமழை பிடித்தது. ஓடு ஒழுகாத இடம் அடுப்புக்குள் மட்டும்தான். விருத்தகிரி மேஸ்திரியைக் கூட்டிவந்தேன். ஏணியைச் சாய்த்து ஒரு காலை வைத்தவர், நடுக்கட்டு வாசலில் கொளஞ்சியம்மாள் மகள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். முன்கட்டு வாசலில் ராஜாம்பாள் நிற்பதைப் பார்த்தார். வைத்த காலை எடுத்துவிட்டார். "தம்பி, ஒத்தச் சொவரு, ஒத்தக் கூர. மாசமா இருக்கற பொம்பள ரெண்டு பேரு இருக்காங்க. இந்தக் கூரையில நான் ஒரு ஓட்ட நகத்துனாலும் எங்குடும்பம் வெளங்காது. ரெண்டும் பெத்து எழுந்திருக்கட்டும், வரேன்" என்று, டீக்குக் காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார். திட்டக்குடியில் அத்தை சொன்ன அதே வார்த்தை. இந்த ஜில்லா முழுவதும் ஒரே வாத்தியாரிடம் படித்திருக்கிறது. மேஸ்திரி போன மூன்றாம் நாள் பின்கட்டுப் பக்கச் சுவர் ஊறிச் சரிந்தது. நல்ல வேளை, நான் ஷிப்டில் இருந்தேன்.

கக்கூஸ் கட்டுவதற்கென்று பாக்டரியில் இரண்டாம் தரமாக ஒதுக்கிய பேசின் ஒன்றும் குழாய் ஆறும் வாங்கிப் போட்டிருந்தேன். அமிர்தம் இருட்டில் ஆற்றங்கரைப் பக்கம் போகக்கூடாது என்பது என் ஆசை. மண்ணை வெட்டக்கூடாது என்றால் எங்கே கட்டுவது? அது தோட்டத்தில் கிடந்தது. இப்போது அதில் கொளஞ்சியம்மாளின் கோழி பதினோரு முட்டையில் அடைகாக்கிறது. அதை நகர்த்தலாமா என்று நான் கேட்கவே இல்லை. பதில் எனக்குத் தெரியும்.

ஆக மாமா, மூன்று கட்டு வீட்டின் சொந்தக்காரனாகிய தங்கள் மருமகன் தற்சமயம் மாட்டுக் கொட்டகையில் இருக்கிறேன். ஒரு பக்கம் வைக்கோல், ஒரு பக்கம் நான். நேற்று தங்கள் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசி முறையாக முன்கட்டுக்குப் போய், என் மனைவி குழந்தை வருகிறார்கள், பதினெட்டுப் பேர் கூட வருகிறார்கள் என்று சொன்னேன். சக்கரபாணிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "ஆகா, எல்லாரயும் நேரா இங்க கூட்டியாங்க சார். ஒரு வா காப்பி சாப்புட்டுத்தான் போவணும். கூச்சப்படக்கூடாது, ஒங்க சொந்த வூடு மாதிரி நெனச்சுக்குங்க" என்றார். அவர் மனதில் கபடம் இல்லை. கபடம் இருந்திருந்தால் எனக்குச் சண்டை போடவாவது ஒரு வழி இருந்திருக்கும்.

சூளையில் ஆயிரம் சாமான் அடுக்கினால் நூறு விரிசல் விட்டு வரும், அதற்கென்று ஒரு கணக்கு எழுதிவிடுவோம். நான் அடுக்கியது ஒரே ஒரு சாமான், அதுவே விரிசல் விட்டுவிட்டது. தாங்கள் பதினெட்டுப் பேருடன் வந்து இந்தக் கொட்டகையைப் பார்த்தால், வந்த பஸ்ஸிலேயே அமிர்தத்தைத் திருப்பி ஏற்றிவிடுவீர்கள். தங்கள் மேல் தப்பில்லை, என் பெண்ணுக்கு இப்படி ஒரு மாப்பிள்ளை வாய்த்தால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் அப்படி ஒரு தடவை ஏற்றிவிட்டால் பிறகு எந்த முகத்தோடு நான் வந்து கூப்பிடுவேன்? என் மகளுக்குப் பல் முளைப்பதையும் தவழ்வதையும் கார்டில்தான் படிப்பேனா? அவள் எந்த ஜாடை என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. பதினாறாம் நாள் அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அமிர்தம் இல்லாமல் பத்து நாளாக இந்தக் கொட்டகையில் நான் வாய்விட்டுப் பேசுவது அந்தக் கோழியிடம்தான். வெட்கத்தை விட்டு எழுதிவிட்டேன்.

ஆகவே தை மாதம் வரை பொறுத்தருள வேண்டும். அதற்குள் இரண்டு பிரசவமும் ஆகிவிடும், கோழியும் எழுந்துவிடும், மேஸ்திரியும் ஏறுவார். அமிர்தத்திடம் இது எதையும் சொல்ல வேண்டாம். பச்சை ஜன்னலை நினைத்துக்கொண்டு அவள் சந்தோஷமாக இருக்கட்டும்.

அத்தைக்கு என் பணிவான வணக்கம். முழங்காலுக்கு நொச்சித் தைலம் தடவச் சொல்லவும். மச்சான்மார்களை விசாரித்ததாகச் சொல்லவும். தங்கள் பேத்தி நீண்ட ஆயுளும் நிறைந்த செல்வமும், தகப்பனைப் போல் இல்லாத புத்தியும் பெற்று வாழ மணிமுத்தாற்றங்கரைப் பெரியநாயகி அருள்புரியட்டும். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் வருமோ வராதோ என்பதால், சாயங்காலத் திட்டக்குடிப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
கீழ்ப்படிந்த மருமகன்,
சி. கலியமூர்த்தி.

பி.கு. மேலே எழுதியதை ஒட்டி மூடி, சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினேன். வாசலில் அமிர்தம் நிற்கிறாள். தோளில் குழந்தை, கையில் ஒரு பை. தாங்களும் அத்தையும் ஊரெல்லாம் தேட வேண்டாம். ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு அம்மை குத்திக்கொண்டு வருகிறேன் என்று மத்தியானம் சொல்லிவிட்டுக் கிளம்பினாளாம். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, நேரே பஸ் ஏறிவிட்டாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "நாலு கடுதாசி போட்டீங்க. நாலுலயும் ஜன்னலு, வெள்ள, கொக்கி. நான் எப்படி இருக்கேன், புள்ள எப்படி இருக்குதுன்னு ஒரு வரி இல்ல. இந்த மனுசன் இப்படி எழுத மாட்டாரே, என்னமோ ஆயிப்போச்சுன்னு ஒடம்பெல்லாம் பதறிடுச்சு" என்றாள். கொட்டகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், கோழியே எழுந்துவிட்டது.

நான் மூன்று மாதமாகப் பேச முடியாததை அவள் முன்கட்டில் மூன்று நிமிஷம் பேசினாள். ராஜாம்பாளுக்குத் தாய் இல்லை, தலைப்பிரசவத்துக்குப் பிள்ளை பெற்ற பொம்பளை ஒருத்தி கூட இருக்க வேண்டும், அது நான்தான் என்று சொல்லி, பையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள். ராஜாம்பாள் குழந்தையை வாங்கினவர்கள் வெகுநேரம் கீழே விடவில்லை. இனி முன்கட்டு பெண்பிள்ளைகளுக்கு. சக்கரபாணி பாயைச் சுருட்டிக் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இப்போதுதான் கொட்டகைக்கு வந்து, "சார், கொஞ்சம் வைக்கோல் பக்கம் நகர்ந்துக்கிறீங்களா?" என்றார். நகர்ந்துகொண்டேன்.

ஆகவே வெள்ளிக்கிழமை தாங்கள் பதினெட்டுப் பேருடன் தாராளமாக வரலாம். அமிர்தத்தைத் திருப்பி அழைத்துப்போகத் தாங்கள் நினைத்தால் அதை அவளிடமே சொல்லிக்கொள்ளுங்கள், நான் குறுக்கே வர மாட்டேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டு வேறு எழுதுகிறேன் என்று சொன்னேன். முழுவதையும் வாங்கிப் படித்துவிட்டு, "கிழிக்காதீங்க. இதுலதான் என்ன விசாரிச்சிருக்கீங்க. அப்பாவும் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

இந்தப் பக்கத்தில் மை கலைந்திருப்பதைப் பார்த்து, மாப்பிள்ளை அழுதிருக்கிறார் என்று அத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எழுதினேன், அது உங்கள் பேத்தியின் வேலை. நான் அழுதது மூன்றாம் பக்கத்தில், அது காய்ந்துவிட்டது.